கரும்புக்குள் நடப்பது

ஆஸ்பத்திரியில் ரெண்டு மாசம் கிடந்துவிட்டு மூங்கில்துறைப்பட்டில் பச்சமுத்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்ததில் வலது கால் முட்டிக்கு மேலேயே போய்விட்டது. பெண்சாதி பூமாலை துணிப்பையைத் தூக்கிக்கொண்டாள். அவன் ரெண்டு கக்கத்திலும் கட்டையைக் கொடுத்து வரப்பில் ஏறினான். வீடு கரும்புக் கொல்லைக்கு நடுவில். வேறு வழி கிடையாது.

பச்சமுத்து லேசுப்பட்ட ஆளில்லை. ஒரு கட்டுக் கரும்பை ஒற்றை ஆளாய்த் தூக்கி வண்டியில் எறிவான். எந்த இருட்டிலும் பாட்டுப் பாடிக்கொண்டு இதே வரப்பில் வருவான். பூமாலையோ, ஒதுங்கப் போனால்கூட அவனைக் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டுத்தான் போவாள்.

“இன்னாடி, கரும்பு கடிச்சிடுமா?” என்று வயிறு குலுங்கச் சிரிப்பான். சிரித்துக்கொண்டே போய் நிற்பான், அது வேறே.

பாதி வழியில், பின்னால் காய்ந்த கரும்புச் சோகை நொறுங்கியது.

இவன் நின்றான். அதுவும் நின்றது.

கட்டையை ஊன்றினான். பின்னாலும் ஒரு சரக்.

பக்கத்தில் ஆள் நிற்பதுபோலப் புளித்த வேர்வை வாடை.

“யார்றா அது?” பழைய குரலில்தான் அதட்டினான். முன்னெல்லாம் அந்த அதட்டலுக்கு நாலு பேர் ஓடுவார்கள். இப்போது சத்தம் இன்னும் கிட்டே வந்தது.

ஓட முடியாது. அடிக்கலாமென்றால் கட்டையைத் தூக்க வேண்டும். தூக்கினால் விழுவான். ஆயுசில் முதல்முறையாகத் தன் உடம்பை நினைத்தே பயந்தான்.

“திரும்பாதய்யா. நட,” பூமாலை கிசுகிசுத்தாள்.

“உனக்கும் கேக்குதா?”

“வயசுக்கு வந்த நாள்லேர்ந்து கேட்டுக்கினுதான் இருக்குது.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேன். சிரிச்ச.”

அவன் கட்டையை எட்டி ஊன்றி நடந்தான்.

“முந்தியெல்லாம் நீ கூட வந்தா வராது,” என்றாள் அவள். “நீ வூட்டுல இருந்தா வரப்போட நின்னுடும். ஆஸ்பத்திரியில நீ கெடந்தப்ப வாசல் வரிக்கும் வந்துச்சி.”

வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவன் தாழ்ப்பாளைத் தொட்டதே இல்லை. வெளியே அது வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தது. அவசரமே இல்லாத நடை.

“பழகிடுமா புள்ள?”

“இல்ல.”

விடிந்ததும் பூமாலை களைக்கொத்தை எடுத்தாள். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது.

“நானும் வரேன்.”

“வந்து?”

கோபமாய்க் கேட்கவில்லை. அதுதான் அவனை அறுத்தது. கட்டைகளைப் பக்கத்தில் கிடத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, அவள் வரப்பில் இறங்கி மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காற்று துளியும் இல்லை. ஆனாலும் கரும்புத் தோகை அசைந்தது. அவள் போன தடத்திலேயே, ஒரே கோடாக, அவளுக்குப் பின்னாலேயே.

“டேய்! இங்க வாடா! இங்க இருக்கறன்டா!” தொண்டை கிழியக் கத்தினான்.

அசைவு நின்றது.

பிறகு, மெதுவாக, வீட்டுப் பக்கம் திரும்பியது.

“இன்னாய்யா? கூப்புட்டியா?” தூரத்தில் பூமாலையின் குரல்.

கூப்பிட்டால் வந்துவிடுவாள். வந்து அவளால்தான் என்ன செய்ய முடியும்?

“ஒண்ணுமில்ல. நீ போ!”

வாசலோரக் கரும்பு விலகியது. யாரும் இல்லை. வேர்வை வாடை மட்டும் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அவன் கட்டைக்குக் கை நீட்டினான்.

ரெண்டு கட்டையும் தரையை உரசிக்கொண்டு, அவன் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்ந்தன.