இடது காலுக்கு ஒரு கையெழுத்து

எழில்வேந்தனின் இடது காலுக்கு விலை பேசி முடித்துவிட்டார்கள். லாசரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

காசிமேடு சுறாக்கள் கால்பந்துக் கழகத்தின் நிர்வாகக் குழு, அரங்கத்தின் மூன்றாவது மாடியில் மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கிறதாம், திரைச்சீலையையும் இழுத்துவிட்டிருந்தார்கள். மொத்தம் ஏழு பேர். நடுவில் தலைவர் மணவாளன், குளிர்பதனக் கிடங்குகள் வைத்துப் பெரிய ஆளானவர். பக்கத்தில் துணைத்தலைவர் பத்மலோசனி. மற்ற ஐந்து பேரும் இவர்களில் யார் பேசினாலும் தலையாட்டுகிற ஆட்கள். எதிரே ஒற்றை நாற்காலியில், பதினோரு வருடமாக அணியின் மேலாளராக இருக்கும் லாசர். அவர் கையில் ஒரு பேனாவைத் திணித்திருந்தார்கள். செத்த கரப்பானைத் தூக்குவதுபோல அதை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"வளைகுடாவுல ஒரு கிளப் கேக்குது, லாசர். நல்ல விலை. அந்தக் காசுல பிரேசில்காரனோட தலைமுட்டு ஒண்ண வாங்கிடலாம். கோல் அடிக்க ஆளில்லன்னு நீங்கதானே கத்தினீங்க?" என்றார் மணவாளன்.

"நான் கேட்டது தடுத்து ஆடறதுக்கு ஒரு ஆளு, சார். முழு ஆளு. தலையும் காலும் ஒரே உடம்புல இருக்கிற மாதிரி."

"முழு மனுஷன வாங்கினா சோறு போடணும். முட்டி போனா வைத்தியம் பாக்கணும். தங்கச்சி கல்யாணம்னு லீவு குடுக்கணும். குப்பிக்கு அதெல்லாம் கிடையாது பாருங்க."

ஐந்து தலைகளும் ஆடின.

நினைவுறிஞ்சி என்ற கருவி வந்ததிலிருந்து முழு ஆட்டக்காரனை யாரும் வாங்குவதில்லை. ஒருவன் பத்துப் பதினைந்து வருடம் பந்தோடு புரண்டு சேர்த்த பழக்கம் சிறுமூளையில் ஒரு நரம்புப் பின்னலாகத் தங்கியிருக்கிறது. அதை மட்டும் இழுத்து ஒரு குப்பியில் அடைத்து, வேறொருவன் தலையில் ஏற்றிவிடலாம். இடது காலின் உதை தனி, தலையால் பந்தை முட்டி அடிக்கிற தலைமுட்டு தனி, கோல்காப்பாளரின் பாய்ச்சல் தனி. நகல் எடுக்க மட்டும் வழியில்லை. ஒரு வலையைப் பிரித்து அதே நூலில் இன்னொரு வலை பின்னுகிற வேலை அது. பிரித்த பிறகு பழைய வலை கிடையாது. கொடுத்தவனுக்குக் கால் இருக்கும், நடப்பான், படியேறுவான். பந்து வந்தால் மட்டும் அந்தக் காலுக்கு என்ன செய்வதென்று தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு 'வெறுங்கால்' என்று ரசிகர்கள் பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைப்பதில் நம் ஜனங்களை மிஞ்ச முடியாது.

இதில் அநியாயம் நடந்துவிடக் கூடாதென்று கால்பந்துச் சங்கம் ஒரே ஒரு விதி போட்டிருந்தது. அணியின் மேலாளர் பார்த்து, எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஆட்டத்தை அறிந்தவர் அவர் ஒருவர்தானே என்ற எண்ணம். ஆட்டக்காரனின் சம்மதம் தேவையில்லை. பதினாலு வயதில் பயிற்சிப் பள்ளியில் சேர்க்கும்போதே அதை அவன் அப்பா எழுதிக் கொடுத்திருப்பார்.

"ரஃபீக்க மறந்துட்டீங்களா சார்?" என்றார் லாசர்.

"யாரு, கேட்ல டிக்கெட் கிழிக்கிறானே அந்தப் பையனா? அவனுக்கு மாசாமாசம் சம்பளம் போகுதே."

நாலு வருடத்துக்கு முன்னால் ரஃபீக்கின் வலது காலுக்கு லாசர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவனுடைய குடும்பத்துக்கு வீடு கிடைக்கும், கழகம் பிழைக்கும் என்று தேன் தடவிப் பேசினார்கள், போட்டுவிட்டார். அடுத்த வாரம் பயிற்சியின்போது ஒரு பந்து உருண்டு ரஃபீக்கின் பக்கம் போனது. அவன் காலை நீட்டினான். பந்து தாண்டிப் போய்விட்டது. ஓடிப்போய் மறுபடி நீட்டினான். மறுபடியும் தாண்டியது. மேலேயிருந்து பார்த்த நிர்வாகிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போதும் விருந்தாளி யாராவது வந்தால் அவனைக் கூப்பிட்டுப் பந்தை உருட்டிவிட்டு வேடிக்கை காட்டுகிறார்கள். லாசர் அன்றைக்குக் கழிப்பறையில் போய் வாந்தி எடுத்தார். அந்தப் புளிப்பு இன்னும் தொண்டையை விட்டுப் போகவில்லை.

பத்மலோசனி எழுந்து மூலையிலிருந்த குளிர்பெட்டியைத் திறந்தார். திறன் குப்பிகள் வைக்கிற பெட்டி. எவனோ ஒருவனின் வலது காலுக்கும் இன்னொருவனின் பாய்ச்சலுக்கும் நடுவிலிருந்து தன் தயிர்சாத டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சட்டுனு போட்டுக் குடுங்க லாசர். சாப்பாட்டு நேரம்."

லாசர் பேனாவை மேசையில் வைத்தார். "எழில் காலத் தொட விடமாட்டேன் மேடம். என்னை வேணா தூக்கிடுங்க. எனக்கு அப்புறம் வர்றவனும் ஆட்டம் தெரிஞ்சவன்னா போட மாட்டான். தெரியாதவனைக் கூட்டிட்டு வந்தா டீம் தெருவுக்கு வந்துடும்."

அதுதான் அவர்களுடைய சிக்கலும். லாசரை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மணவாளன் பேனாவைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"பதினோரு வருஷமா நீங்க மூஞ்சியச் சுளிச்சிட்டே இருக்கீங்க. எங்க கண்ணுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது. உங்களுக்கு மட்டும் அப்படி என்னதான் தெரியுது?" என்றார். பிறகு ரகசியம்போல முன்னால் சாய்ந்தார். "அந்தக் கண்ண எனக்குக் குடுத்துடுங்களேன். ஆட்டக்கண்ணு. நீங்க உட்கார்ந்த இடத்துல என்ன பாக்கறீங்களோ அத. தலைமுட்டுக்கான காச என் சொந்தப் பையிலேர்ந்து போடறேன். எழில் கால் அவன்கிட்டயே இருக்கட்டும்."

"நான்?"

"நீங்கதான் மேனேஜர். எப்பவும்போல. என்ன செய்யணும்னு நான் பாத்துச் சொல்றேன், நீங்க செய்யுங்க."

"எழில் காலத் தொடமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

மணவாளன் சிரித்தார். "உங்க கையெழுத்து இல்லாம தொடவே முடியாதே, லாசர். அப்புறம் என்ன பயம்?"

லாசர் கீழே இறங்கி மைதானத்துக்குப் போனார். எழில்வேந்தன் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். இருபத்து மூன்று வயது, இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். எதிராளி பந்தோடு வரும்போது அவன் பாய மாட்டான். போக வேண்டிய இடத்தில் போய்ச் சும்மா நிற்பான். வருகிறவனுக்குத் திடீரென்று வழியெல்லாம் அடைத்துப்போகும். அவன் தயங்குகிற அந்த அரை நொடியில் இடது கால் மெல்ல வந்து, கேட்டு வாங்குவதுபோலப் பந்தை வாங்கிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊரில் லாசருக்கு மட்டும்தான் தெரியும். அவரும் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. லாசர் திட்டாமல் இருந்தால் நன்றாக ஆடியதாக அர்த்தம். அணியில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது.

"மேல கூப்பிட்டாங்களே, என்ன கோச்?" என்றான் எழில்.

"ஒண்ணுமில்ல. இடுப்ப இன்னும் கொஞ்சம் தாழ்த்துடா. மரம் மாதிரி நிக்காத."

"சரி கோச்."

அந்த 'சரி'யைக் கேட்டதும் லாசர் முடிவு செய்துவிட்டார். கண் போனால் போகட்டும், தனக்கு ஐம்பத்தெட்டு வயது. கால் போனால் இவனுக்கு ஒன்றுமே மிஞ்சாது.

மறுநாள் காலை இருபதே நிமிடத்தில் லாசரிடமிருந்து எடுக்கிற வேலை முடிந்தது. அதை மணவாளன் தலையில் ஏற்றும் முன்புதான் மருத்துவர் தயங்கினார். "இதுவரைக்கும் கை கால் பழக்கத்ததான் எடுத்திருக்கோம் சார். பார்வைய எடுக்கிறது இதான் முதல் தடவ. இவரு பாக்கிறதும் இவருக்குக் குமட்டுறதும் ஒரே பின்னலா இருக்கு. தனித்தனியாப் பிரிக்க முடியல."

"அதையும் சேத்தே ஏத்துங்க. ரெண்டு ஏப்பம் விட்டாப் போச்சு," என்றார் மணவாளன்.

லாசர் கண் விழித்தபோது தொண்டையில் அந்தப் புளிப்பு இல்லை. வெளியே வந்தார். நடந்தது எல்லாம் நினைவிருந்தது. ரஃபீக் வாசலில் நின்று வணக்கம் சொன்னான். நல்ல சிரிப்பு, நல்ல சட்டை. இவனை நினைத்தா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தோம் என்று லாசருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துச் சொந்த அரங்கில் ஆட்டம். பிரேசில்காரரின் தலைமுட்டை ஏற்றிக்கொண்டவன் பந்து எங்கே போனாலும் எதிரணி கோல் வாசலிலேயே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்க ஆளில்லை. தடுக்க எழிலைத் தவிர ஆளில்லை. நாலு கோல் வாங்கினார்கள். லாசர் கடலை கொறித்தபடி ரசித்துப் பார்த்தார். பச்சைப் புல், கூட்டத்தின் சத்தம், இருபத்திரண்டு பேர் உற்சாகமாக ஓடுகிறார்கள். இதைவிட மனிதனுக்கு என்ன வேண்டும்? நாலாவது கோலுக்கும் கைதட்டினார். அழகான கோல்தானே, யார் போட்டால் என்ன?

பக்கத்தில் மணவாளன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். முதல் பாதிக்குள்ளேயே இரண்டு முறை எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்திருந்தார்.

"தெரியலையா லாசர் உங்களுக்கு? நடுவுல எவ்வளவு பெரிய ஓட்டை! ஒருத்தனும் அங்க ஓடல. ஓடணும்னே தெரியல அவனுங்களுக்கு. கண்டகண்டத வாங்கி ஒட்டி வெச்சிருக்கோம், ஒண்ணுக்கொண்ணு பேசவே மாட்டேங்குது. பொணத்தத் தச்சு நடக்க விட்ட மாதிரி இருக்கு. நான்தான் பண்ணேன். இதெல்லாம் நான்தான் பண்ணேன்." துண்டால் மைதானத்தைக் காட்டினார். "அந்தப் பையன் எழில் மட்டும்தான்யா ஆடறான். என்ன கால்யா அது!"

"எல்லாருமே நல்லாத்தான் ஆடறாங்க சார்."

"திருப்பி எடுத்துக்குங்க லாசர். கால்ல விழறேன். இந்தக் கண்ண வெச்சிட்டு என்னால சோறு திங்க முடியல."

"எதுக்கு சார்? எனக்கு இப்பத்தான் ஆட்டமே பிடிச்சிருக்கு."

அடுத்த நாள் நிர்வாகக் குழு கூடியது. மணவாளன் எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கினார். இரண்டு முழு ஆட்களை உடனே வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கழகம் குட்டிச்சுவர்தான் என்று மேசையைத் தட்டிப் பேசினார். பத்மலோசனி பொறுமையாகக் கேட்டார்.

"முழு ஆளா? சோறு போடணும், வைத்தியம் பாக்கணும், கல்யாணத்துக்கு லீவு குடுக்கணும். நீங்களே சொன்னதுதானே தலைவரே?"

ஐந்து தலைகளும் ஆடின, இந்த முறை பத்மலோசனியைப் பார்த்து.

"வளைகுடா கிளப் விலைய ஏத்திக் கேக்குது," என்று அவர் லாசர் பக்கம் திரும்பி ஒரு தாளை நீட்டினார். "எழில்வேந்தன், இடது கால். அந்தக் காசுல ரெண்டு பாய்ச்சலும் ஒரு வலது காலும் வாங்கலாம். பாத்துச் சொல்லுங்க, மேனேஜர்."

லாசர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். முன்பு மாட்டேன் என்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஏன் சொன்னோம் என்பதுதான் பிடிபடவில்லை. நேற்று எழிலின் காலை நன்றாகத்தான் கவனித்தார். மற்றவர்களுடையதைப் போல அதுவும் ஒரு கால். ஒன்றைக் கொடுத்தால் மூன்று வருகிறது. பையனின் குடும்பத்துக்கு வீடும் கிடைக்கும். இதற்குப்போய் இந்த நல்ல மனிதர்களை வாரக்கணக்கில் அலைக்கழித்தோமே என்று அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"போடாதீங்க!" மணவாளன் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "போடாதீங்க லாசர், அந்த மாதிரிக் கால் இனிமே வராது. இவங்களுக்குத் தெரியாதுய்யா!"

இரண்டு பேர் வந்து தலைவரை மரியாதையாக விலக்கி உட்கார வைத்தார்கள். லாசர் பேனாவை எடுத்து, தெளிவான எழுத்தில், பெயரும் தேதியும் போட்டுக் கொடுத்தார்.

எழிலைக் கூப்பிட்டார்கள். தாளை வாங்கிப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. கீழே இருந்த கையெழுத்தை விரலால் தடவினான்.

"கோச் போட்டதா?"

"அவரு பாத்துப் போடலடா! அவருக்கு இப்ப ஒண்ணும் தெரியல!" என்று கத்தினார் மணவாளன்.

எழில் அவரை ஏறிட்டுப் பார்த்தான். போன மாதம்வரை தன் காலை விற்கத் துடித்த மனிதர். "கோச் ஒருநாளும் தப்பாப் பாத்ததில்ல சார். அவரு போட்டிருந்தா என் கால்ல ஏதோ இல்லன்னு அர்த்தம்."

அவன் குரல் உடைந்திருந்தது. லாசருக்கு இரக்கமாக இருந்தது. எழுந்து போய் அவன் தோளில் தட்டினார்.

"அப்படியெல்லாம் இல்லடா. நேத்து சூப்பரா ஆடுன."

ஒன்பது வருடமாக அந்த ஒரு வார்த்தைக்காக ஓடியவன் எழில். கண் நிறைந்துவிட்டது. "தேங்க்ஸ் கோச்," என்றான். குனிந்து இடது காலின் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மருத்துவர் அறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனான்.

நாற்காலியில் மணவாளன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். இவ்வளவு நல்லபடியாக எல்லாம் முடிந்திருக்கும்போது பெரிய மனுஷர் ஏன் அழுகிறார் என்று லாசருக்கு விளங்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.