மூடிய வாய்

வனிதாவின் வாய் மூடியிருந்தது. திரையில் அவள் நாக்கு அசைந்துகொண்டிருந்தது.

பேச்சுப் பயிற்சி தரும் நிமி, சிறுமியின் தாடைக்கு அடியில் சில்லென்ற பசையைத் தடவி ஸ்கேன் கருவியை அழுத்திப் பிடித்திருந்தாள். சன்னலை மூடிய அந்த அறையில் டெட்டால் நெடியும், சாந்தன்பாறை மலையிலிருந்து அப்பன் முனீஸ்வரனின் சட்டையோடு இறங்கி வந்த ஏலக்காய் வாடையும் கலந்து மூச்சை அடைக்க, கருப்புத் திரையில் மகளின் நாக்கு வெள்ளைக் கோடாக நெளிந்தது.

"நான் சொல்லும்போ மட்டும் அசைச்சா மதி, மோளே. அது போதும்," என்றாள் நிமி மலையாளம் கலந்த தமிழில்.

"ஏட்டி, சும்மா இரு!" என்று அதட்டினான் முனீஸ்வரன்.

ஒன்பது வயது வனிதா அப்பனையே பார்த்தாள். பிளந்து பிறந்த அண்ணத்தைத் தைத்த பிறகும் அவள் பேச்சு தொண்டையிலேயே முறிந்துவிடும். போன ஆனியில், ஏலச்செடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவனிடம் ஓடிவந்து எதையோ சொன்னாள். 'அம்மா' மட்டும் விளங்கியது. "ஒழுங்காப் பேசு" என்று அறைந்தான். சொல்லச் சொல்ல அறைந்தான். அதற்குள் எஸ்டேட் குளத்தில் அவன் பெண்டாட்டி சந்தனம் மூழ்கியிருந்தாள்.

அன்று மகள் தன்னிடம் ஓடிவந்ததை அவன் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சு தெளிந்தால் இவள் சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடத்தார் வற்புறுத்தியிராவிட்டால் இங்கே கூட்டி வந்திருக்கவே மாட்டான்.

நிமி திரையருகே குனிந்தாள். "பின்நாக்கு எழும்புது... கு. மடங்குது... ள. பல்லைத் தொடுது... த்து. அப்புறம் ல. இவளுக்கு வராத ஒலியெல்லாம் வருதே!"

மறுபடி. அதே நாலு அசைவு. மறுபடி.

குளத்துல.

"நிறுத்துங்க மேடம்."

"மெஷின்தான் கோளாறு போல. உங்களுக்கு வச்சுப் பாக்கட்டே?"

மறுப்பதற்குள் பசை அவன் தாடையில் பட்டது. குளத்துத் தண்ணீரின் குளிர். வாயை இறுக மூடினான். நாக்கைக் கீழ்ப்பல்லோடு அழுத்தினான். அது அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை.

திரையில் பின்நாக்கு எழும்பியது.

மடங்கியது.

பல்லைத் தொட்டது.

அவன் கத்த வாய் திறந்தான். பாசி நாறியது. தொண்டையில் ஏதோ முறிந்தது. காற்று மட்டும் வந்தது.

வனிதா கிட்டே வந்து அவன் முகத்தை நிமிர்த்தினாள்.

"ஒழுங்காப் பேசு," என்றாள். ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை.

அறையக் கை ஓங்கினாள். அவளுக்குப் பின்னால், திரையில், அவன் நாக்கு சொல்லிக்கொண்டே இருந்தது.