ஐந்தாம் தளத்து மணம்

மீனெண்ணி காலையிலேயே காட்டிவிட்டது. ஐந்தாம் முட்டைத்தளத்தில் ஆயிரத்து நூறு உல்லம் மீன். மூன்றாம் தளத்தில் நாற்பது.

மூன்றாம் தளத்தின் காப்பாளர் தில்லைநாயகம் திரையை அணைத்தார். மறுபடி போட்டார். அதே எண்.

கொள்ளிடத்தில் கதவணைகள் பெருகிய பின், கடலிலிருந்து முட்டையிட வரும் உல்லத்துக்கு ஓடும் நீரும் சுத்தமான மணலும் இந்தத் தளங்களில்தான். ஒவ்வொன்றிலும் ஒரு மணவூற்றி. காப்பாளர் தயாரித்த மணநீரை அது ஆற்றில் சொட்டுச் சொட்டாக விடும். பொரித்த முதல் பத்து நாளில் முகர்ந்த மணத்தைக் குஞ்சு மறப்பதில்லை. இரண்டாண்டு கழித்து அதைத் தேடியே ஆறேறும்.

இந்த ஆடியோடு ஒரே தளம் போதும் என்று மீன்வளத் துறை முடிவு செய்திருந்தது. அதிக மீன் ஏறும் தளம்.

ஐந்தாம் தளத்து எழிலரசி டீ குடிக்க வந்தாள்.

“என்னண்ணே, மூஞ்சி கருவாடா இருக்கு?”

“ஒனக்கென்னம்மா. மீனுக்குச் சொக்குப்பொடி போட்டுட்ட.”

“ஒங்க தண்ணியில கசப்பு தூக்கலா இருக்கும். கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே கலக்குங்க.”

மதியம் அவள் சாப்பிடப் போனபோது அவளுடைய மணநீரில் ஒரு கேனை எடுத்துவந்து தன் மணவூற்றியில் ஊற்றினார்.

மூன்றாம் தளம் கடலுக்குப் பக்கம். அடுத்த மீன்கூட்டம் அங்கேயே நின்றது. முட்டையிட்டது. நிறுத்தினால் கலைந்துவிடும் என்ற பயத்தில் கேன் தீரும்வரை, பன்னிரண்டு நாள், ஊற்றியை ஓடவிட்டார். குஞ்சுகள் அந்த மணத்திலேயே பொரித்தன. விளைவு தெரியாதவரல்ல. அன்று அவர் கண்ணில் எண்ணிக்கை மட்டுமே இருந்தது.

ஜெயித்தார். ஐந்தாம் தளத்து மணலை அள்ளிவிட்டுக் கான்கிரீட் போட்டுப் படகுத்துறை கட்டினார்கள். எழிலரசியைத் தூத்துக்குடிக்கு மாற்றினார்கள்.

இரண்டாண்டு கழித்து ஆடி வெள்ளத்தில் உல்லம் ஏறியது. முப்பதாயிரம். அவர் தளத்தில் ஒன்றும் நிற்கவில்லை. கதவணை கதவணையாக முகர்ந்து திரிந்தன. வயிற்றில் முட்டை முற்றியிருந்தது.

தொலைபேசியில் அழைத்தார்.

“எழிலு, அந்தத் தண்ணியில என்ன கலந்த?”

“என்னத்தக் கலந்தேன்? என் தளத்து மணல்ல ஒரு பாசி படர்ந்துச்சு. அத ஊறவெச்ச தண்ணிண்ணே.”

அந்த மணல் இப்போது எங்கும் இல்லை.

“ஒரு கேன் கொறஞ்சப்பவே தெரியும்” என்றாள்.

“பின்ன ஏன் மேல சொல்லல?”

“சொன்னா, மணம் மாறுன குஞ்சுன்னு அத்தனையும் அழிச்சிருப்பாங்க. எத்தன ஏறுது?”

“முப்பதாயிரம்.”

“அவ்வளவும் என் மணத்தத் தேடியாண்ணே?”

மறுமுனையில் அவள் அழுதாள்.

திரையில் மீன்கள் சேற்றில் முட்டையைக் கொட்டத் தொடங்கியிருந்தன. அவளிடம் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று தில்லைநாயகத்துக்குத் தோன்றியது.