தேவாலயத்திலிருந்து வந்த பதில்

கணவர் கீழேயிருந்து அழைத்தபோது, மரகதம் வாய் திறப்பதற்கு முன்பே, "இதோ வர்றேங்க" என்ற பதில் போய்விட்டது.

குரல் மரகதத்துடையதுதான். கூரையிழந்த தேவாலயத்தின் மறுசுவருக்கு அப்பாலிருந்து, ஈரச் செங்கல்லின் வாசனையோடு அது வந்தது. ஆலமர வேர்கள் சன்னல்களை நெரித்துக்கொண்டு இறங்கியிருந்த அவ்விடத்தில், எதிரொலி சற்று முந்திக்கொள்வதும் சாத்தியமாயிருக்கலாம் என்று அவர் தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

1963ஆம் ஆண்டின் அந்த ஞாயிறன்று, போர்ட் பிளேரின் ஹேடோ குடியிருப்பிலிருந்து குமாஸ்தா குடும்பங்கள் ராஸ் தீவைச் சுற்றிப் பார்க்க லாஞ்சில் வந்திருந்தன. வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற நடன மண்டபம், பாசி படர்ந்த கல்லறைகள், அவற்றிடையே மேயும் மான்கள், எல்லாம் பார்த்தாயிற்று. மறந்துபோன தூக்குச்சட்டிக்காக மரகதம் மட்டும் மீண்டும் மேலே ஏறினார். நான்கு வயது மகள் சுசீலா, தகப்பனாரிடம் கீழே இருந்தாள். நீர் வடிவதற்குள் லாஞ்ச் புறப்பட்டாக வேண்டும். அடுத்த லாஞ்ச் அடுத்த ஞாயிறுதான்.

"ஜல்தி பாபு, பானி உதர்தா ஹை" என்று, நீர் வடிவதைக் காட்டி, கீழே ஜெட்டியில் லாஞ்ச் ஓட்டும் சாரங் அவசரப்படுத்தினார்.

"பேரைச் சொல்லித்தான் கூப்பிடுங்களேன் சார். இங்க யாரு கேக்கப்போறா, மானா?" இது தலைமைக் குமாஸ்தா சிவஞானம்.

"ஒம்பது வருசமா சொன்னதில்ல. இந்தாம்மான்னா வந்துடுவா" என்றார் கணவர் இராமகிருஷ்ணன். "இந்தாம்மா."

"வந்துட்டேங்க."

இம்முறை குரல் தாழ்வாரத்தைக் கடந்திருந்தது. சுவருக்கு அப்பால், கற்படிகளில் மெட்டி ஒலிக்க யாரோ நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மரகதம் ஓடினார். வேர் தடுக்கியது. முழங்கால் கிழிந்தது. தென்னைகளுக்கிடையே கடல் மட்டும் துண்டு துண்டாகத் தெரிந்தது.

"இந்தாம்மா, ஏறிட்டியா?"

"ஏறிட்டேங்க."

"என்னங்க" என்று மரகதம் கத்தினார். அதே கணத்தில் அந்தக் குரலும், கொஞ்சலாக, "என்னங்க" என்றது.

சாரங் மூங்கிலால் லாஞ்சைத் தள்ளும் ஓசை கேட்டது. கணவர் பெயரை உச்சரித்தால் அவர் ஆயுள் குறையுமென்று வளர்க்கப்பட்டவர் மரகதம். கண்ணை மூடிக்கொண்டார். உச்சரித்தார். உரக்க. இரண்டு முறை.

"யாரோ உங்க பேரைச் சொல்லிக் கத்துது சார்."

"தேங்கா வெட்ட வந்தவன் எவனுக்காச்சும் என் பேரு இருக்கும். எங்க வீட்ல செத்தாலும் சொல்ல மாட்டா. என்னம்மா?"

"ஆமாங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

மரகதம் ஜெட்டியை அடைந்தபோது எஞ்சின் பிடித்துவிட்டிருந்தது. பெரியவர்கள் அனைவரும் போர்ட் பிளேர் கரையை நோக்கி அமர்ந்திருந்தனர். கணவருக்குப் பக்கத்தில் மரகதம் உடுத்தியிருந்த அதே மாம்பழ நிறச் சேலை. அவருடைய கொண்டை. மடியில் சுசீலா.

குழந்தை மட்டும் திரும்பினாள். ஜெட்டியில் நின்ற தாயைக் கண்டாள். விரல் நீட்டினாள். வாய் திறந்தாள்.

சேலைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அதில் ஓர் உருண்டை. கறுப்பு. ஈரம். வெள்ளை வேர்கள் நெளியும் மண். திறந்த வாய்க்குள் அதைப் பரிவோடு வைத்தது.

குழந்தை மென்றாள். விழுங்கினாள்.

அடுத்த வாய்க்கு, சமர்த்தாக, மீண்டும் திறந்தாள்.