ஓடக்காரருக்கு ஒரு கண்ணாடி

"கண்ணாடி எனக்கில்லீங்க... ஒரு பெரியவருக்கு."

மழையில் நனைந்த தலையைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அவன் கண்ணாடிக் கடை வாசலிலேயே நின்றான். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், கையெல்லாம் கிரீஸ். கட்டடத்தின் லிஃப்ட் முந்தின நாள் படுத்துவிட்டது. அதைப் பார்க்க வந்த மெக்கானிக். மூன்று மாடி ஏறி வரும் வாடிக்கையாளர்கள் எல்லாம் கடையில் கண் பரிசோதிக்கும் அவளிடம்தான் மூச்சு வாங்க எரிந்து விழுந்தார்கள். அதனால் ஆளைப் பார்க்குமுன்பே அவளுக்கு அவன்மேல் கோபம். பார்த்த பிறகு... அவன் கண்கள் நன்றாகத்தான் இருந்தன. மழை கழுவிவிட்ட மாதிரி. அதனாலேயே இன்னும் கொஞ்சம் கோபம்.

"பெரியவரைக் கூட்டிட்டு வாங்க. பவர் பாக்கணும், ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அளக்கணும். ஆள் இல்லாம கண்ணாடி போட முடியாது."

"அவர் எங்க இருக்கார்னே எனக்குத் தெரியாதுங்க."

"அப்போ கண்ணு சரியில்லன்னு யார் சொன்னா?"

"அவரேதான்... சரி, ஃபிரேம் எது பொருந்தும்னாவது சொல்லுங்களேன். முகம் இருக்கு."

போனை நீட்டினான். நரைத்த தாடி, கிழிந்த தொப்பி, முகத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு நீள மூக்கு. அந்த மூக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் இழுத்து இழுத்து நீட்டி வைத்தவள் அவளேதான்!

"இது... பொம்மைப் படம் மாதிரி இருக்கே."

"இணையத்துல ஒரு ஊரு இருக்குங்க. விளையாட்டு மாதிரி. அதுல இவர் ஓடம் ஓட்டறார். நான் தினமும் அந்த ஓடத்துலதான் போவேன்."

"அதுல நீங்க யாரு?"

அவன் காது மடல் சிவந்தது. "அது எதுக்குங்க இப்போ..."

சொல்ல மாட்டானாம்! சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

"ஏண்டி, யாரது? கண்ணாடியும் வாங்கல, போகவும் மாட்டேங்கறான்?" பில் போடும் மேசையிலிருந்து அக்காவின் குரல். அவன் நழுவினான்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்தும் கடை அது. அக்கா இரண்டு வருஷம் இணையத்தில் ஒரு டாக்டரோடு பேசினாள், சிரித்தாள், கல்யாணத்துக்குப் புடவைகூடப் பார்த்து வைத்தாள். கடைசியில் அவன் டாக்டரும் இல்லை, தனியாளும் இல்லை. பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் இருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் முகம் தெரியாதவன் என்றால் திருடன் என்று அர்த்தம். தங்கைக்கும் அந்தப் பயம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

அவள் அந்த ஊருக்குள் முதல்முதலில் பெண்ணாகத்தான் போனாள். பத்தே நிமிஷத்தில் ஏழு பேர் வழிமறித்து வழிந்தார்கள். மறுநாள் கிழவராகப் போனாள். அப்பாடா... ஒரு ஈ காக்கைகூடச் சீண்டவில்லை! நிம்மதியாக ஓடம் ஓட்டினாள். அப்போதுதான் குடை அக்கா ஏறினாள். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பச்சைக் குடையை விரித்தபடியே உட்காரும் ஐம்பது வயது அம்மாள். ஒரு வருஷமாக அந்த அம்மாளிடம்தான் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டினாள். தன் கதையையே "என் மக இருக்காளே..." என்று ஆரம்பித்துக் கொட்டினாள். என் மக யாரையும் நம்ப மாட்டா, என் மக சாப்பிடும்போது அழுதா, என் மகளுக்கு ஃப்ரெண்டுன்னு ஒருத்தர்கூட இல்ல. அந்த ஒரு தோழியைத் தவிர அவளுக்கு உண்மையிலேயே யாரும் இல்லை.

கடையில் சொந்த அக்கா பக்கத்தில் வந்தால் போனை மறைக்க வேண்டும். பதில் தாமதமாகும். "கண்ணு சரியா தெரியலம்மா" என்று கிழவர் சாக்குச் சொல்வார். அந்தச் சாக்குதான் இன்று படியேறி வந்து நின்றிருக்கிறது.

இவன் யார்? ஓடத்தில் தினமும் முப்பது பேர் ஏறுகிறார்கள். இவன் அதில் எவன்? தெரிந்தே வந்தானா?

மாலை கடையில் கூட்டம் ஓய்ந்ததும் போனைத் திறந்து ஓடத்தைத் துறையில் கட்டினாள். பச்சைக் குடை காத்திருந்தது.

"பெரியவரே, ஒரு ஸ்கேல் எடுங்க. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவுன்னு அளந்து சொல்லுங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குடை அக்காவா... அவனா! தன் அழுகையையெல்லாம் ஒரு ஆம்பளையிடமா ஒப்பித்திருக்கிறாள்?

"எதுக்கும்மா?" என்று தட்டினாள்.

"சும்மாதான். இன்னைக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்க ஒரு பொண்ணு. அப்பா, என்ன முறைப்பு! ஆனா அந்தக் கண்ணு இருக்கே பெரியவரே... முறைச்சாலும் பாத்துக்கிட்டே இருக்கலாம் போல."

தெரிந்தே சொல்கிறானா? தெரியாமல் சொல்கிறானா? அவள் பதில் போடாமல் போனை அணைத்தாள். ஆனால் கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் தன் கண்களை ஒரு நிமிஷம் பார்த்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் அவன் மறுபடி வந்தான். "லிஃப்டுக்குப் பார்ட்ஸ் வரலீங்க" என்றான். யாரும் கேட்கவில்லை. ஃபிரேம்களை எடுத்து எடுத்துப் பார்த்தான். அவள் கட்டடக் காவல்காரரிடம் விசாரித்தாள், லிஃப்ட் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டாள். கம்பெனிதான் அனுப்பியதாம். பார்ட்ஸும் வரவில்லையாம். எல்லாம் ஒழுங்காக இருந்தது. டாக்டர் விஷயத்திலும் எல்லாம் ஒழுங்காகத்தானே இருந்தது!

அன்று மாலை வலை விரித்தாள்.

"அம்மா, என் மகளுக்கு ஒரு பையன் பாக்கணும். உங்களுக்குத் தெரிஞ்ச பையன் யாராவது இருந்தா சொல்லுங்களேன்."

இப்போது பார்... எனக்கு ஒரு தம்பி இருக்கான், லிஃப்ட் வேலை பாக்கறான் என்று ஆரம்பிப்பான். சாயம் வெளுக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பதில் வர வெகு நேரமானது.

"வேணாம் பெரியவரே. பெத்த பொண்ணைப் பத்தி முகம் தெரியாத ஆளுங்ககிட்ட சொல்லாதீங்க. என்கிட்டயும்தான். நான் யாருன்னு உங்களுக்கு என்ன தெரியும்? ரெண்டு நாள்ல ஒரு விஷயம் சொல்றேன். கேட்டுட்டு என்னை ஓடத்துல ஏத்தலாமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

வலை வெறுமனே வந்தது. அவள் திருப்பித் திருப்பிப் படித்தாள். இதுகூடத் தந்திரமோ? ஆனால் கண் ஏன் கலங்குகிறது...

மூன்றாம் நாள் அக்கா வங்கிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவன் வந்தான். கை கழுவியிருந்தான். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு மிச்சம்.

"லிஃப்ட் ஓடுதுங்க. நான் கிளம்பறேன். கண்ணாடி வேணாம். முதல்ல அவர்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். நான் அங்க... ஒரு அம்மா வேஷத்துல இருக்கேன்."

"ஏன்?" குரலைக் கடுமையாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு!

"நாள் பூரா லிஃப்டுக்குள்ள மாட்டின ஜனம் என்னைத்தான் திட்டுது. காப்பாத்த வந்தவனைத்தான் திட்டுவாங்க. அங்க ஆம்பளையாப் போனா 'என்ன வேணும்'னு கேக்கறாங்க. அந்த அம்மாவாப் போனா 'சாப்டீங்களா'ன்னு கேக்கறாங்க. முதல்ல கேட்டது அந்தப் பெரியவர்தான். எனக்கு அப்பா இல்லீங்க. அந்த ஒரு கேள்விக்காகத்தான் தினமும் போறேன். இன்னைக்கு உண்மையைச் சொன்னா அதுவும் போயிடும்."

இத்தனை நாள் அவள் பயந்தது தான் ஏமாந்துவிடுவோமோ என்றுதான். தானும் ஒருவனை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த டாக்டருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இப்போது வாயைத் திறந்தால் தோழி போய்விடுவாள். திறக்காவிட்டால் தன் முகத்திலேயே தன்னால் விழிக்க முடியாது.

"உக்காருங்க" என்று பரிசோதனை நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தான். எதிரே நிற்காமல் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். "பெரியவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. பொய் சொல்லியிருக்கார். அவருக்கு வயசு எழுபத்திரண்டு இல்ல... இருபத்தேழு. அந்த மூக்கை நான்தான் இழுத்து வச்சேன்."

வெளியே மழை சோவென்று கொட்டியது.

"அப்போ... பெரியவர் இல்லவே இல்லையா?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "இல்ல. மன்னிச்சுடுங்க."

அவன் எழுந்தான். கதவு வரை போனான். போய்விட்டான் என்றே நினைத்தாள். கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"என்னைப் பாத்த அன்னைக்கே தெரியுமா?"

"அன்னைக்கு சாயந்திரம். ஸ்கேல் எடுக்கச் சொன்னீங்களே..."

"தெரிஞ்சும் மாப்பிள்ளை கேட்டீங்களா?"

"உங்களைச் சோதிச்சேன். எனக்கு யாரையும் நம்ப வராது."

"அவர் மக மாதிரியே பேசறீங்க."

"மகளும் நான்தான்." மூக்கை உறிஞ்சினாள். "அவளைப் பத்திச் சொன்னதுல மட்டும் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல."

அவன் திரும்பினான். சிரிப்பதா, அழுவதா என்று தெரியாத முகம்.

"நீங்க நல்லா இருப்பீங்க! அந்தப் பொண்ணை ஒரு வருஷமாப் பாக்காமலே பிடிச்சிருந்தது. அதனாலதான் மாப்பிள்ளைன்னு கேட்டப்போ பதில் சொல்ல வாயே வரல. இந்தக் கடைக்கு வந்தா இங்க முறைக்கிற பொண்ணையும் பிடிச்சுப் போச்சு. ரெண்டு பேரை மனசுல வச்சிருக்கோமே, நாமெல்லாம் மனுஷனான்னு மூணு நாளா தூங்கலீங்க நான்..."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணீரோடு.

"ஒருத்திதாங்க" என்றாள். "அவளுக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."