எண்பத்தெட்டு புள்ளி நான்கு

"ஐயோ, இறங்குங்க மேடம்! இன்னும் நான் சரிபார்க்கவே இல்லை..."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எடை மெஷின் மேல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றிருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். எண்ணைப் பார்க்காவிட்டால் எடையே இல்லை என்று ஒரு நம்பிக்கை! கண்ணைத் திறந்தால், எதிரே தரையில் முழங்காலிட்டபடி ஓர் ஆள். கையில் இரும்பு எடைக்கல். மழையில் நனைந்த முடியிலிருந்து நெற்றியில் வழியும் நீர். அதற்குக் கீழே இரண்டு கண்கள்... சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்.

"நான் ஏறினா உடைஞ்சுடும்னு பயமா?" வெடுக்கென்று கேட்டாள்.

"இருநூறு கிலோ தாங்கும் மேடம். தப்பா காட்டினா உங்களுக்கு மருந்தைத் தப்பா குடுத்துடுவாங்களே, அதான்..."

புற்றுநோய்ப் பிரிவில் எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு. அந்த மெஷினைச் சோதிக்க வந்த மெக்கானிக் அவன். இருபது கிலோ கல்லை வைத்தான், இருபது என்றது. இன்னொன்றை வைத்தான், நாற்பது. "இப்ப ஏறுங்க" என்று சொல்லிவிட்டு நாகரிகமாக முதுகைக் காட்டி நின்றான்.

சிஸ்டர்தான் மானத்தை வாங்கினாள். "எண்பத்தெட்டு புள்ளி நாலு!"

"காதுல விழுந்துதா, எடைக்கல் சார்?"

"மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை மேடம்."

சத்தமே போடாத மெஷின் அது. முப்பத்திரண்டு வயதில், முதல் மருந்து ஏறப்போகிற காலையில், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து அடுத்த மருந்துக்கு வந்தபோதும் அவன் இருந்தான். அதற்கடுத்த முறையும்... மெஷின் அருகே கல்லும் கையுமாக. எடைதான் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தது.

"வாழ்நாள் பூரா இளைக்கணும்னு ஆசைப்பட்டேன். பாருங்க, வரம் கிடைச்சிடுச்சு" என்றாள். அவன் சிரிக்கவில்லை. அந்தக் கண்களைப் பார்த்ததும், அம்மாவிடம்கூடச் சொல்லாததை அவனிடம் சொல்லத் தோன்றியது.

அவள் பத்திரிகையில் உதவி ஆசிரியை. சென்ற வருஷம் அவள் மேஜைக்கு ஓர் ஆராய்ச்சிச் செய்தி வந்தது. இளம் வயதில், பருமனான பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றுக் குறைவாம். தலைப்பு வைத்தவள் அவள்தான். பக்கத்தில் இடம் போதவில்லை. வழக்கம்போல் கடைசியிலிருந்து நான்கு வரிகளை வெட்டினாள். அச்சில் வந்ததைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, "இனிமே என்னை இளைக்கச் சொல்லு, பாக்கலாம்!" என்று அம்மாவிடம் வீறாப்புப் பேசினாள். இரண்டு மாதத்தில் மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது. ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள். எனக்கெல்லாம் வராது... என்று ஏழு மாதம் சும்மா இருந்தாள்.

"வெட்டின நாலு வரியில என்ன இருந்தது?" மெதுவாகக் கேட்டான்.

"மாதவிடாய் நின்னப்புறம் இது தலைகீழா மாறிடும்னு. குறைவுன்னா வரவே வராதுன்னு அர்த்தமில்லைன்னு. கட்டி தெரிஞ்சா, குண்டோ ஒல்லியோ, உடனே டாக்டரைப் பாக்கணும்னு..." கண்ணீர் வழிந்தது. "என் கையாலதான் வெட்டினேன்."

அவன் கைக்குட்டையை நீட்டினான். துடைத்ததும் கன்னமெல்லாம் மெஷின் எண்ணெய்! "அடடா... சாரி, சாரி" என்று பதறினான். அழுதுகொண்டே சிரித்தாள்.

ஐந்தாவது மருந்துக்கு முந்தின நாள் ஸ்கேன் முடிவு வந்தது. கல்லீரலுக்கும் பரவியிருந்தது. மறுநாள் அவள் அதைச் சொன்னதும் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "வீட்டுக்கு வந்து உங்க அம்மாகிட்ட பேசட்டுமா?"

அவளுக்குள் என்னவோ எரிந்தது. நல்லா இருந்தப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை... சாகப் போறப்பவா?

"பரிதாபப்பட வேற ஆளைப் பாருங்க. நான் அதுக்கு ஆள் இல்லை!"

அவன் கற்களைப் பெட்டியில் அடுக்கினான். குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனான்.

அடுத்த முறை மெஷின் அருகே யாருமில்லை. நெஞ்சு வெறிச்சென்றிருந்தது. பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள். "மெஷினை இன்னிக்கு யாரும் சரிபாக்கலையா சிஸ்டர்?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதாங்க அது. ஆனா அந்த மெக்கானிக், நீங்க வர்ற நாள்லாம் லீவு போட்டுட்டு வந்து கல்லை வெச்சு வெச்சுப் பாக்கறாரு. இன்னிக்கும் பாத்துட்டு மாடிப்படியில உக்காந்திருக்காரு."

படியில் பெட்டியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"ஆறு மாச வேலையை மூணு வாரத்துக்கு ஒரு தடவை எதுக்குப் பாக்கறீங்க?"

"உங்க எடை குறையறது மெஷினோட தப்பா இருக்கும்னுதான் வர்றேன்... ஒவ்வொரு தடவையும் சரியாவே இருக்கு." பெட்டியைத் தடவினான். "மெஷின் சரியா இருக்கணும்கிறதுதான் என் பொழைப்பே. இந்த ஒண்ணு மட்டும் தப்பா இருக்கக் கூடாதான்னு இருக்கு."

வெளியே மழை கொட்டியது. அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷம்கூட இருப்பேன்னு டாக்டர் சொல்லலை..."

"தெரியும்."

"சாகறதுக்கு மனசைத் தேத்தி வெச்சிருந்தேன். உங்களைப் பாத்தப்புறம் முடியலை. அந்தக் கோபம்தான் அன்னிக்கு..." தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"எனக்கு எண்பத்தெட்டு புள்ளி நாலுலேர்ந்தே..."

"அன்னிக்குக் கேக்கலைன்னீங்க?"

"பொய்."

சிஸ்டர் கூப்பிட்டாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டே அவள் மெஷினில் ஏறினாள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்ணை மூடவில்லை.

"கையை விடும்மா... எடை தப்பாக் காட்டும்" என்றான்.

அவள் விடவில்லை. அவனும் விடவில்லை.