சிலேட்டில் நின்ற பாக்கி

பதினாலு ஷில்லிங் ஏழு பென்ஸ். மேபலின் கணவன் லென்னும் அவனோடு விமானத்தில் பறந்த ஆறு பேரும் டாப்சனின் பீர்க்கடையில் வைத்த பாக்கி அது. ஏழு வருஷமாகியும், மேபல் போட்டுவைக்கும் டீயை அவள் மாமியார் மார்த்தா தொடாததற்கு அதுதான் காரணம்.

குண்டு போடும் விமானத்தில் ஏறுகிற பையன்கள் இங்கிலாந்தின் அந்தச் சின்ன ஊரில் கடனை முழுசாகத் தீர்க்கவே மாட்டார்கள். பாக்கி இருந்தால், அதைக் கட்டுவதற்காவது திரும்பி வந்தாக வேண்டும் அல்லவா? கடைக்காரர்களும் கேட்பதில்லை. லென்னின் கணக்கை ஒரு சாயங்காலம் யாரோ தீர்த்துவிட்டார்கள். அன்று ராத்திரி ஜெர்மனிக்குப் போன விமானம் திரும்பவில்லை. நான்தான் கட்டினேன் என்றாள் மேபல். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போர் முடிந்ததும் ஊர் அவர்களை மறந்தது. எரிந்த நகரங்களின் படங்களைப் பார்த்தபின், குண்டு போடப்போய்ச் செத்தவர்களின் பெயரைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மேபலுக்கு மட்டும் மறக்க வழியில்லை. பனிமூட்டம் இறங்கும் நாட்களில் வாசல் கல்லில் பூட்ஸ் சத்தம் கேட்கும். ஒரு ஜோடி மட்டும் அவள் ஜன்னலருகே வந்து நிற்கும். கதவைத் திறந்தால் ஆளிருக்காது. கல் மட்டும் ஈரமாக, பெட்ரோல் வாடையோடு கிடக்கும். அந்தச் சத்தத்துக்காகவே, மறுகல்யாணம் பேச வந்தவர்களை அவள் திருப்பி அனுப்பினாள்.

அப்படியொரு பனிக் காலையில் டாப்சன், கடன் கணக்கு எழுதும் சிலேட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"கடைய மூடுனப்புறம் உள்ள ஏழு பேரு உக்காந்திருக்காங்க. விடிஞ்சு பாத்தா ஏழு கிளாசும் ஈரமா இருக்கு. இனி என்னால முடியாது."

மார்த்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இங்க ஏன் கொண்டாந்தீங்க? கணக்கத் தீத்து எம்புள்ளைய அனுப்பிவச்ச மகராசி அதோ நிக்கிறா. அவ கையில குடுங்க."

டாப்சன் தலையைக் குனிந்துகொண்டார். விமானம் வராத அந்த விடியலில், அழித்த தொகையைத் தானே மறுபடி எழுதி வைத்ததாகச் சொன்னார். பாக்கி இருந்தால் வந்துவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. "வந்துட்டாங்க... போகத் தெரியாம வந்துக்கிட்டே இருக்காங்க." வாங்கிய காசைக் கல்லாவில் போட மனம் வராமல் முடிந்து வைத்திருந்த கைக்குட்டையை மேசையில் வைத்தார்.

அதைப் பார்த்ததும் லென்னின் தம்பி சிரில் சுவரோடு சாய்ந்துவிட்டான்.

"அம்மா... அது அண்ணி காசில்ல. பண்ணையில நான் வாங்குன மொதச் சம்பளம். அண்ணன் சந்தோஷப்படுவான்னு கட்டினேன். அந்த வழக்கம் எனக்குத் தெரியாதும்மா..."

விமானம் திரும்பாததற்கு மறுநாள் காலை வைக்கோல் கொட்டகையில் அவன் தூக்குப் போட்டுக்கொள்ளக் கயிறோடு நின்றதும், மேபல் அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டதும், டாப்சனிடம் வாய் திறக்காதிருக்கச் சத்தியம் வாங்கியதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"ஏண்டி சொல்லல?"

"ஒரு புள்ள போயிருச்சு. இன்னொண்ணும் போனா நீங்க தாங்குவீங்களாம்மா..."

மார்த்தா ஆறிப்போன கோப்பையை இழுத்து, மேபல் போட்ட டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு மருமகளை மார்போடு சேர்த்துக்கொண்டு குரலெடுத்து அழுதாள்.

அப்போதுதான் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. அலமாரியில் தட்டுகள் நடுங்கின.

"குளிர்ல எவ்வளவு அலுத்திருப்பாங்க," என்றாள் மார்த்தா. "அழிச்சிடு மேபல். ஒன் கைதான் அழிக்கணும்."

அழித்தால் இனி ஜன்னலோரம் யாரும் வந்து நிற்க மாட்டார்கள். மேபல் சிலேட்டை ஜன்னலருகே எடுத்துப்போனாள்.

"லென்... நீங்க யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்ல. நாங்கதான் தரணும்... போங்க."

ஏப்ரன் நுனியால் துடைத்தாள். பூட்ஸ் சத்தம் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டிப் போனது. ஜன்னலருகே நின்றது மட்டும் கொஞ்சம் தயங்கியது. பிறகு அதுவும் போயிற்று.

சிலேட்டில் ஒன்றுமில்லை.